புதுத் தொழிலுக்கு வக்கீல் வைத்தது: காங்கேயத்து எண்ணெய் ஆலை அனுபவம்

“ஆடிட்டர்தான் இருக்காருங்களே, வக்கீல் எதுக்குங்க?” 2021 ஆவணியில் நான், என் மச்சான், கல்லூரி நண்பன் மூன்று பேரும் சேர்ந்து காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை போட இறங்கியபோது பார்த்தவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பான், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் ஆன்லைனிலேயே ஆடிட்டர் முடித்துக் கொடுத்துவிடுவார். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இதற்கெல்லாம் வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

கொடுத்தது மூன்று வேலைக்கு: பார்ட்னர்ஷிப் பத்திரம், இடத்து வாடகைப் பத்திரம், பிராண்டு பெயர். வருடங்கள் ஓடியபின் திரும்பிப் பார்த்தால் அந்த மூன்றும்தான் ஆலையைத் தாங்கி நிற்கின்றன.

வக்கீலைத் தேடுவதே முதலில் சிரமம். பார் கவுன்சில் விதிப்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் தெரிந்தவர் சொல்லித்தான் போயாக வேண்டும். தெரிந்தவர்கள் கைகாட்டுவதோ அவரவர் வரப்புத் தகராறையோ விபத்து வழக்கையோ பார்த்துக் கொடுத்தவரை. நாங்கள் முதலில் போய்ப் பார்த்தவர் அப்படிப்பட்ட சிவில் வக்கீல். “நான் கேஸ் நடத்தறவனுங்க, தொழில் பத்திரம் எழுத ஈரோட்டுல ஒரு மேடம் இருக்காங்க” என்று அவரே அனுப்பி வைத்தார். அந்த நேர்மைக்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

ஈரோட்டு மேடம் முதல் நாள் எங்களிடம் ஆதார் நகலைக்கூடக் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து, “உங்கள்ல ஒருத்தர் காலமாயிட்டா ஆலை யாருதுங்க?” என்றார். மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. “நல்ல காரியம் பேச வந்திருக்கோம், இதை எதுக்குங்க மேடம்?” என்றார். “நல்லா இருக்கறப்பத்தானுங்க தம்பி இதைப் பேச முடியும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஒருத்தர் விலகினால் அவர் பங்குக்கு என்ன கணக்கு? ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினால்? தினமும் ஆலையில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டா? மதியம் போனவர்கள் இருட்டியபின்தான் வெளியே வந்தோம். வண்டியில் வரும்போது மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் கேட்டதற்கெல்லாம் சட்டத்தில் காரணம் இருந்தது. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) சட்டப்படி, பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனமே கலைந்துவிடும். யார் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் லாபம் சமபங்கு. உழைப்பவருக்குச் சம்பளம் கிடையாது. மச்சான் போட்டதில் பாதிகூட நண்பன் போடவில்லை; ஆனால் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதித் தரும் ரெடிமேட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு பேருக்குமே அநியாயமாகியிருக்கும். பங்குதாரர் சம்பளமும் முதலுக்கான வட்டியும் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும், வட்டி 12 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. இந்த வரிகளை ஆடிட்டரிடம் போனில் படித்துக் காட்டி, அவர் சரி சொன்னபின்தான் மேடம் இறுதி செய்தார். வக்கீலும் ஆடிட்டரும் பேசிக்கொள்ளாமல் எழுதும் பத்திரம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

2023-இல் நண்பன் விலகினான். சண்டை எதுவும் இல்லை. அவன் வீட்டு நிலைமை அப்படி. விலகுபவரின் கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், அவர் பணத்தால் வந்த லாபத்தையோ 6 சதவீத வட்டியையோ கேட்கலாம் என்கிறது சட்டம். அப்படி இழுபடும் கணக்குகளை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பத்திரத்தில் வழி தெளிவாக இருந்தது: கடைசி ஆடிட் பேலன்ஸ் ஷீட்டில் உள்ள முதல், மதிப்பீட்டாளர் சொல்லும் இயந்திர விலையில் அவன் பங்கு, இரண்டையும் தவணையாகக் கொடுப்பது, பிராண்டு பெயர் நிறுவனத்துக்கே. அவன் வெளியேறியதை வங்கிக்கும் வியாபாரிகளுக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிவாளரிடமும் மாற்றத்தைப் பதிய வைத்தார் மேடம். அடுத்த மாதம் அவன் தங்கை கல்யாணத்தில் நானும் மச்சானும் பந்தியில் நின்று பரிமாறினோம். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் எனக்குத் திருப்தி தந்தது இதுதான்.

வாடகைப் பத்திரத்துக்கு வருகிறேன். களமும் ஷெட்டும் ஒரு பெரியவருடையது. “பதினோரு மாசத்துக்கு எழுதிக்கலாம், வருஷா வருஷம் மாத்திக்கலாம்” என்றார், ஊர் வழக்கம் அதுதான். எக்ஸ்பெல்லருக்கு அஸ்திவாரம் போட்டு, மும்முனை மின்சாரம் இழுத்த பிறகு பதினோரு மாதத்தில் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது? நீண்ட கால குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நின்ற மேடம், அதற்கு முன்னால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தார். அதில் அசல் பத்திரங்களை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்த பதிவு இருந்தது. அடமானத்தில் உள்ள இடத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விட வங்கியின் சம்மதம் வேண்டும். பெரியவர் மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வங்கிக் கடிதம் வந்தபின்தான் அட்வான்ஸ் கொடுத்தோம்.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு ஆசை காங்கேயம் என்று ஆரம்பிக்கும் பெயர்மேல். ஊர்ப் பெயரையும் சரக்கின் குணத்தையும் மட்டும் சொல்லும் பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு கிடைப்பது கடினம் என்று மேடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சின்னப் பதிவில் சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. சிறு நிறுவனத்துக்கு ஆன்லைன் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு முடியும்வரை பாக்கெட்டில் பதிவான சின்னம் என்று காட்டும் ® (வட்டத்துக்குள் ஆர்) போடக் கூடாது, அது குற்றம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். கவர் அச்சடிப்பவர் எல்லோருக்கும் அதைப் போட்டே கொடுக்கிறார்.

நிறுவனத்தைப் பதிவு செய்யச் சொன்னதும் அவர்தான். கூட்டாண்மைக்குப் பதிவு கட்டாயமில்லை, ஊரில் பலர் செய்வதுமில்லை. ஆனால் பதியாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள்மேல் வழக்குப் போட முடியாது என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு பிரிவையாவது தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மொத்த வியாபாரி பெரிய தொகையை இழுத்தடித்தபோது மேடம் அனுப்பியது ஒரு பக்க நோட்டீஸ்தான். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, அதுவும் மாதாமாதம் ஏறும் என்ற 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தை அதில் குறிப்பிட்டிருந்தார். நீதிமன்றம் போகாமலே பணம் வந்தது.

குறையும் உண்டு. கோர்ட் நேரத்தில் போனை எடுக்க மாட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பேச முடியும். குத்தகை வரைவு சொன்ன தேதியைத் தாண்டி வெகுநாள் இழுத்ததில் தேங்காய் சீசன் ஒன்று கைவிட்டுப் போயிற்று. முதல் பில்லில் முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், அவருடைய ஃபீஸ் எல்லாம் ஒரே தொகையாக இருந்தது. கேட்டதும் பிரித்துக் கொடுத்தார், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பத்திரம் முழுக்க ஆங்கிலம். மச்சானுக்காகத் தமிழில் ஒரு பிரதி கேட்டு வாங்கினேன். கையெழுத்துப் போடும் எல்லோருக்கும் புரியும் மொழியில் ஒரு பிரதி கொடுப்பது வக்கீலின் வேலையில் சேர்த்தி என்றே நினைக்கிறேன்.

இப்போது எல்எல்பியாக, அதாவது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மையாக, மாற்றுவதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதுள்ள சாதாரணக் கூட்டாண்மையில் ஆலைக் கடனுக்கு எங்கள் சொந்த வீடும் பொறுப்பு; வங்கிக் கடன் ஏற ஏற மச்சானுக்கு அந்தப் பயம் கூடிவிட்டது. கம்பெனிப் பதிவு வேலை தன் துறை இல்லை என்று மேடம் ஒரு கம்பெனி செக்ரட்டரியிடம் அனுப்பியிருக்கிறார். பங்குதாரர் ஒப்பந்தத்தை மட்டும் அவரே எழுதுகிறார். இந்த முறை ஃபீஸ், அரசுக் கட்டணம், முடிக்கும் தேதி மூன்றையும் தனித்தனியாக மின்னஞ்சலில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் போட்டோம்.