மானுடவியல் முனைவர் பட்டம்: அமெரிக்காவா, பிரிட்டனா?

இளங்கலை முடித்த கையோடு முனைவர் படிப்பில் நேரடியாகச் சேர அமெரிக்காவில் பல துறைகள் இடம் தருகின்றன. முதுகலைப் பட்டம் வழியிலேயே கிடைத்துவிடும். பிரிட்டனில் பெரும்பாலும் முதுகலை முடித்திருக்க வேண்டும்.

பெரிய வித்தியாசம் விண்ணப்பத்தில்தான். பிரிட்டனில் ஆய்வுத் திட்டத்தை முதலிலேயே எழுதித் தர வேண்டும்: எந்த ஊர், எந்த மக்கள், என்ன கேள்வி, எந்த முறை. அந்தத் துறையில் வழிகாட்டத் தகுந்த பேராசிரியர் இல்லையென்றால், நல்ல திட்டமும் நிராகரிக்கப்படலாம். அமெரிக்காவில் ஆர்வத்தையும் பின்னணியையும் விளக்கும் கட்டுரை போதும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இயைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை.

சேர்ந்தபின் அமெரிக்காவில் இரண்டு, மூன்று வருடம் வகுப்புகள், அப்புறம் தகுதித் தேர்வு, பல இடங்களில் வேற்றுமொழித் தேர்ச்சி, அதன் பிறகே களப்பணி. மொத்தம் ஆறேழு வருடம் சாதாரணம். பிரிட்டனில் முதல் வருடம் பயிற்சி, அடுத்து ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ களம், பிறகு எழுத்து, கடைசியில் வாய்மொழித் தேர்வு. நான்கு வருடத்தில் முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை, நல்ல அமெரிக்கத் துறைகள் சேர்க்கையோடு கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருகின்றன. பிரிட்டனில் இடம் கிடைத்தும் நிதி கிடைக்காமல் போகலாம். கேள்வி தெளிவாக இருப்பவருக்கு நான் பிரிட்டனைச் சொல்வேன், நிதி உறுதியானால் மட்டும்.