ரைசன் 5 5600ஜி: காரைக்குடி வீட்டில் மூன்றாண்டுப் பயன்பாடு

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பை ஒட்டிய அறையில் கல்யாணப் பத்திரிகை, முன்னோரை வழிபடும் படைப்புக்கான அழைப்பு, சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) மலர் ஆகியவற்றை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்பும் தொழிலைச் செய்து வருகிறேன். காலை ஒன்பது மணிக்குப் போடும் கணினியை இரவு ஏழு மணிக்குத்தான் அணைப்பேன். அந்தப் பத்து மணி நேரத்தில் அது உண்மையாகப் பாடுபடும் நேரம் ஒரு மணி கூட இராது. தலைப்பெழுத்து சரிதானா என்று வீட்டாரிடம் கேட்டுச் சொல்லும் வரையிலும், எந்தப் பெரியவர் பெயர் முதலில் வரவேண்டும் என்பது முடிவாகும் வரையிலும், திறந்த பக்கத்தைத் திரையில் ஏந்திக்கொண்டு அது சும்மாதான் இருக்கிறது. கணினியின் மூளையான செயலியாக ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி-யை எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இந்தச் சும்மா இருக்கும் நேரம்தான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு இதைச் சொல்லாது. 5600ஜி-க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். முழு வேலையில் அது 88 வாட் வரை இழுக்க ஏஎம்டி அனுமதிக்கிறது. போட்டி நிறுவனமான இன்டெல்லின் ஐ5-12400 செயலிக்கும் 65 என்றுதான் இருக்கும். அதன் உச்ச வரம்பு 117 வாட். இவை இரண்டும் உழைக்கும்போது ஆகும் கணக்குகள். பழைய கணினியில் திரைக்குப் படம் அனுப்பத் தனிக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தது. சுவர் பிளக்கில் செருகும் சிறு மின்மானியை வாங்கி அதில் மாட்டிப் பார்த்தபோது, ஒரு வேலையும் இல்லாத நிலையில் 72 வாட் காட்டியது. 2022 ஆவணியில் புதிய கணினியை அதே பிளக்கில் மாட்டினேன். சிவப்பு எண்கள் சற்றே ஏறி இறங்கி 27-இல் நின்றன. 45 வாட் குறைவு என்றால் பத்து மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு; இரண்டு மாத மின்கட்டணச் சுற்றுக்கு ஏறத்தாழ 27 யூனிட்.

தனிக் கார்டு போனது இதற்கு ஒரு காரணம். செயலியின் உள்ளமைப்பு இன்னொன்று. ஏஎம்டியின் 5600எக்ஸ் போன்றவற்றில் கணக்குப் போடும் சில்லும் (சிப்) வெளியுலகத் தொடர்பைக் கவனிக்கும் சில்லும் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றை இணைக்கும் பாதை வேலையில்லாதபோதும் மின்சாரம் தின்கிறது. 5600ஜி மடிக்கணினிகளுக்கென உருவாக்கிய ஒற்றைச் சில்லு வடிவம். கணக்குப் போடும் ஆறு கோர்களும், கிராபிக்ஸ் கார்டின் வேலையைச் செய்யும் ‘வேகா’ வரைகலைப் பகுதியும் ஒரே சில்லில் அடங்கியிருப்பதால் நன்றாக உறங்கத் தெரிந்தது. வாங்கும்போது அந்த ‘ஜி’ எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். வெறும் 5600 என்றால் வரைகலை கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. இன்டெல்லில் இதற்கு நேர்மாறு: எண்ணின் முடிவில் ‘எஃப்’ இருந்தால் வரைகலை இல்லை என்று பொருள்.

முதல் மூன்று மாதங்கள் நான் பட்ட அவதியை விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படத்தைப் பெரிய அளவில் பக்கத்தில் வைத்து, 4கே திரையில் நகர்த்தினால், படம் சுட்டியின் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. செயலியையே தவறாகத் தேர்ந்துவிட்டோமோ என்று நொந்துபோனேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் இரண்டு ரேம் இடங்களில் ஒன்று காலியாக இருப்பது தெரிந்தது. “ஒரே ஸ்டிக்கா 16 ஜிபி போட்டுட்டேண்ணே, பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம்” என்று பொருத்திக் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் உள்ளமைந்த வரைகலைக்கென்று சொந்த நினைவகம் இல்லை. ரேமிலிருந்துதான் அது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி பாதை. இரண்டு இருந்தால் 51.2. அந்த ஒன்றைக் கழற்றிவிட்டு எட்டு எட்டு ஜிபியாக இரண்டு போட்ட அன்று மாலையே பிள்ளையார் சுட்டியோடு சேர்ந்து நகர்ந்தார். வரைகலையுள்ள செயலி வாங்குகிற எவரும் ரேமை இரட்டையாகவே வாங்குங்கள். இதில் மட்டும் பணத்தைப் பிடிக்காதீர்கள்.

கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் எனும் அமைப்புப் பக்கத்தில் இந்தச் செயலியை 45 வாட் நிலைக்கு இறக்கிவைக்க இடமுண்டு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அறுபது பக்க மலரை அச்சுக்கோப்பாக மாற்ற முன்னைவிடச் சில நொடிகள் கூடுதலாகின்றன. மின்மானியின் உச்ச அளவு 105-இலிருந்து 80-க்கு இறங்கியது. சும்மா இருக்கும்போது காட்டும் 27 மட்டும் துளியும் மாறவில்லை. அதைக் குறைக்க வேண்டுமானால் மதர்போர்டையும், கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும்தான் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் மின்சிக்கனத்துக்குத் தரும் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரைக்கான சோதனை 20 விழுக்காட்டுப் பளுவிலிருந்துதான் தொடங்குகிறது. 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது 90 வாட். நம் கணினி பெரும்பாலான நேரம் அதற்கு மிகக் கீழே இருப்பதால், 650, 750 என்று பெரிதாக வாங்குவதில் பயனில்லை.

மின்வெட்டின்போதுதான் இதன் அருமை தெரியும். அதே 600 விஏ யுபிஎஸ், திரையோடு சேர்த்துப் பழைய கணினியைப் பத்து நிமிடம் தாங்கியது. இப்போது அரை மணியை நெருங்குகிறது. சித்திரை வெயிலில் அறைக்குள் அனல் குறைந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய சுவர்கள் உதிர்க்கும் சுண்ணாம்புத் தூசி மட்டும் செயலியோடு வந்த மின்விசிறியில் படிந்து இரைச்சலைக் கூட்டுகிறது. ஆண்டுக்கு இருமுறை தூரிகையால் துடைக்கிறேன்.

குறையும் உண்டு. ஏவி1 என்ற முறையில் சுருக்கிய காணொளியை விரிக்கும் வன்பொருள் இந்த வேகா வரைகலையில் இல்லை. யூடியூப் அந்த வகையில் வரும்போது செயலிக் கோர்களே அந்த வேலையைச் செய்ய, மின்மானி எண் ஏறுகிறது. இன்டெல் ஐ3-12100-லும், 2024-இல் வந்த ரைசன் 5 8600ஜி-யிலும் அந்த வசதி உண்டு. பின்னதற்குப் புதிய மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் வேண்டும். தேவகோட்டையில் கணக்கு எழுதும் என் மைத்துனர் கேட்டபோது, நாலு கோர் கொண்ட ஐ3-12100-ஐயே வாங்கச் சொன்னேன். அவருக்குப் பட வேலை இல்லை. கணக்குப் பார்க்கும் நேரம் போக மீதி நேரத்தில் யூடியூபில் கச்சேரி கேட்கிறவர்.