வெல்லம்பிட்டியில் சேறு அள்ள வந்த தொண்டர் குழு: எங்கள் வீட்டு அனுபவம்

கட்டணம் வாங்காத சேவையைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று வீட்டில் சிலர் அபிப்பிராயப்பட்டனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. டித்வா புயலுக்குப் பின் கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியிலுள்ள பெரியம்மாவின் வீட்டைச் சுத்தம் செய்து தந்த குழுவுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அடுத்த வெள்ளத்தில் அவர்களை, அல்லது அவர்களைப் போன்ற வேறொரு குழுவை அழைக்கப் போகிறவர்களுக்கு நிறையுடன் குறையும் தெரிந்திருக்க வேண்டும். குறையும் எழுதுவதால் குழுவின் பெயரைத் தவிர்த்துள்ளேன்.

புயல் 2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையைத் தாக்கியது. மலைநாட்டில் மண்சரிவுகளிலும் மற்ற இடங்களில் வெள்ளத்திலுமாக 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்புக்கு அழிவைக் கொண்டுவந்தது காற்றல்ல, களனி கங்கை. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் உற்பத்தியாகும் இந்த ஆறு மலையில் பெய்த மழையைச் சுமந்துகொண்டு ஆறுதலாகவே கீழே இறங்குவதால், வானம் வெளுத்த பிறகுதான் எங்கள் பக்கம் தண்ணீர் ஏறியது. ஆற்றின் மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி நீர்மானியில் 7 அடி கடந்தால் பெருவெள்ளம் என்பது கணக்கு; இம்முறை அதையும் தாண்டியது. பெரியம்மாவை முன்கூட்டியே வெள்ளவத்தைக்கு அழைத்து வந்துவிட்டோம். வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் விளிம்புவரை நின்றது.

தண்ணீர் வடிந்தபின் உள்ளே கணுக்கால் அளவு சேறு. கூலிக்குச் செய்வதாக வந்து பார்த்த இருவர் 40,000 ரூபா கேட்டனர். வீட்டைச் சுத்தம் செய்வதற்கென அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபா கொடுப்பனவு அப்போது எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தந்த இந்தத் தொண்டர் குழுவின் இலக்கத்துக்கு அழைத்தபோது மறுமுனையில் பேசிய பெண் வீட்டின் அளவைக் கேட்கவில்லை. வயதானவர்கள் இருக்கிறார்களா, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்ற மூன்றையே கேட்டார். சோற்றுப் பார்சலுடன் படம் பிடித்துவிட்டுப் போகும் கூட்டமல்ல இது என்ற நம்பிக்கை எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு பேர் வந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி, வங்கியில் வேலை செய்யும் இருவர். தமிழும் சிங்களமும் கலந்த கூட்டம். எல்லோரிடமும் கையுறையும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்தும் இருந்தன. எலிக்காய்ச்சலுக்கான முற்காப்பு மாத்திரையைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எடுத்துவிட்டே வந்திருந்தார்கள். காலில் புண் இருந்த ஒரு பையனைச் சேற்றில் இறங்க விடாமல், பிளேன் டீ ஊற்றும் வேலைக்கு நிறுத்தினார்கள்.

வேலையில் ஓர் ஒழுங்கு இருந்தது. உள்ளறையில் தொடங்கி வாசலை நோக்கிச் சேற்றைத் தள்ளினார்கள். அது காய்ந்துவிட்டால் மண்வெட்டியால் கொத்த வேண்டிவரும் என்பதால் முதல் இரண்டு மணித்தியாலம் வேறெதையும் தொடவில்லை. பிறகே சுவர்களை மேலிருந்து கீழாகக் கழுவினார்கள். தேக்குக் கட்டிலை வெயிலில் போடலாம் என்று நான் சொன்னதற்கு, நேர் வெயிலில் பலகை வெடித்துவிடும் என்று மாமர நிழலில் சாய்த்துவைத்தார்கள். தண்ணீர் குடித்த தும்பு மெத்தையை வெளியே கொண்டுபோக நான்கு பேர் தேவைப்பட்டனர். கிணற்றை ஒரேயடியாக இறைக்க வேண்டாம் என்று தடுத்தவர் முச்சக்கர வண்டிச் சாரதி. சுற்றியுள்ள நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றைச் சட்டென்று வெறுமையாக்கினால் வெளியிலிருந்து அமுக்கும் ஈரம் கிணற்றுச் சுவரையே உள்ளே தள்ளிவிடும் என்று அவர் விளக்கினார். எனக்கு அது புதிய செய்தி.

எனினும் அந்த நாளில் என் மனதில் பதிந்தது வேறொன்று. பெரியம்மா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பொருளையும் அவர் முன்னால் கொண்டுவந்து, "அம்மா, வைக்கவா, போடவா?" என்று கேட்டார்கள். உடைந்த அம்மிக்குழவிக்குக்கூட அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அவருடைய திருமண அல்பம் சேற்றுக் கட்டியாக வந்தபோது பக்கங்களைப் பிரிக்கப் போன என் கையை ஒரு மாணவி பிடித்து நிறுத்தினாள். ஒரு பேசினில் சுத்தமான தண்ணீர் விட்டு அதை அப்படியே அமிழ்த்தி, தானாக இளகிய படங்களை மட்டும் எடுத்து, முகம் மேலே தெரியும்படி துணியில் பரப்பினாள். "அவசரப்பட்டா தோல் மாதிரி உரிஞ்சிடும் அம்மே" என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னாள். ஒரு மணித்தியாலம் அதற்கே போயிற்று. அந்த நேரத்தில் இன்னோர் அறையைக் கழுவியிருக்கலாம் என்று குழுத் தலைவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

இனிக் குறைகள். குசினியிலிருந்த பலகைத்தூள் அலுமாரி ஊதிப்போயிருந்தது. அதை எறிந்தது சரியே. ஆனால் அதையும் குளிர்சாதனப்பெட்டியையும் படம் எடுப்பதற்கு முன்பே லொறியில் ஏற்றிவிட்டார்கள். சேத விபரம் பதிய வந்த கிராம உத்தியோகத்தர் ஆதாரம் கேட்டபோது எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. தங்கள் பதிவுகளுக்கு அத்தனை படம் எடுத்தவர்கள் எங்களுக்காக இரண்டு எடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அடுத்தது, அள்ளிய சேற்றை வீதியோர வடிகாலை மூடிக் குவித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் பெய்த மழையில் அதில் பாதி படலைக்குள் திரும்பி வந்தது. தொலைபேசியில் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு மூவரை அனுப்பினார்கள், ஆனால் நான்கு நாள் கழித்து. அதற்குள் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் முக்கால்வாசியை அள்ளி முடித்திருந்தோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அழைக்கப் போகிறவர்கள் அவர்கள் வருமுன் ஒவ்வோர் அறையையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேறு எங்கே போகும் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். வீட்டுக்குரியவர் ஒருவர் கட்டாயம் கூட நில்லுங்கள்.

கிணற்றுக்குக் குளோரின் இட்டிருக்கிறது. இப்போதைக்கு அந்தத் தண்ணீர் கழுவத் துடைக்க மட்டுமே. அல்பத்தில் இரண்டு பக்கங்கள் இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன. பெரியம்மா அவற்றைப் பிரிக்க விடவில்லை. அந்தப் பிள்ளை வரட்டும் என்கிறார்.