ஸ்டீம் டெக்: தாங்குகிற விரலும் ஆடுகிற விரலும்

வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேம் கன்சோலான ஸ்டீம் டெக்கை வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது எடையைத்தான். "அரைக் கிலோவுக்கு மேலாமே, கை வலிக்காதா?" வலிக்கும், பிடிக்கிற விதம் சரியில்லை என்றால். நான் வைத்திருப்பது 2022-இல் வந்த பழைய எல்சிடி மாடல், 669 கிராம். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடல் 640 கிராம். இந்த 29 கிராமுக்காக யாரும் மாற வேண்டாம், திரைக்காக மாறுவதானால் மாறலாம். வாங்கிய கையோடு எழுதப்படும் விமர்சனங்கள் எந்த கேம் நொடிக்கு எத்தனை ஃபிரேமில் (படத்தில்) ஓடுகிறது என்பதிலேயே நின்றுவிடுகின்றன. வருடக்கணக்கில் ஆடுகிறவனுக்கு அதெல்லாம் மறந்துபோய், கையும் கழுத்தும் என்ன சொல்கின்றன என்பதுதான் முக்கியமாகிவிடுகிறது. அதனால் இங்கே அதை மட்டும் எழுதுகிறேன்.

டிவி முன்னால் உட்கார்ந்து பிளேஸ்டேஷன் 5 ஆடும்போது கையில் இருப்பது 280 கிராம் சொச்சம் எடையுள்ள கன்ட்ரோலர் மட்டும்தான். திரை தன் பாட்டுக்குச் சுவரில் இருக்கிறது. கையடக்கக் கன்சோலில் திரை, பேட்டரி, ஃபேன் எல்லாவற்றையும் அதே விரல்கள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆடவும் வேண்டும். தாங்குகிற விரல் வேறு, ஆடுகிற விரல் வேறு என்று இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒரே விரல் இரண்டையும் செய்ய ஆரம்பித்தால் முதலில் குறி தவறும், அப்புறம் வலி வரும். சொகுசும் கட்டுப்பாடும் இரண்டு தனி விஷயங்கள் இல்லை என்பது என் அனுபவம்.

இது இன்றைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி 2004-இல் வந்தபோது அதில் ஒரே ஒரு அனலாக் குமிழ்தான் இருந்தது. மான்ஸ்டர் ஹன்டர் ஆடியவர்கள் இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே, இடது ஆட்காட்டி விரலை மேலிருந்து மடக்கி, திசைப் பட்டன்களான டி-பேடை அழுத்தி கேமராவைத் திருப்பினார்கள். கன்சோலைத் தாங்கிக்கொண்டிருந்த விரலைப் பிடுங்கி ஆட்டத்துக்கு அனுப்பிய கதை அது. ஜப்பானில் அந்தப் பிடிக்கு மான்ஸ்டர் ஹன்டர் பெயரையே வைத்துவிட்டார்கள். பிஎஸ்பிக்கு அடுத்து 2011 இறுதியில் வந்த வீட்டாவில்தான் சோனி இரண்டாவது ஸ்டிக்கைக் கொடுத்தது. நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு 2012-இல் வந்த கிட் இக்காரஸ் கேமில் வலது கை ஸ்டைலஸ் பிடித்துக் குறி பார்க்கும். இடது கை ஒன்றே கன்சோலைத் தாங்கி, நடந்து, சுடவும் வேண்டும். பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டை வைத்து விற்றார்கள். கைக்கு என்ன ஆகும் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

டெக் பார்க்கத்தான் பூதம் மாதிரி இருக்கிறது. அகலம் 298 மில்லிமீட்டர், தடிமன் 49. ஆனால் அந்தத் தடிமனின் பெரும்பகுதி இரு ஓரங்களில் உள்ள பிடிகளில்தான் இருக்கிறது. அந்தப் புடைப்பு உள்ளங்கையில் உட்காருவதால் எடையை உள்ளங்கையும் மோதிர விரலும் சுண்டுவிரலும் வாங்கிக்கொள்கின்றன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சும்மா இருக்கின்றன. நிண்டெண்டோவின் முதல் ஸ்விட்ச், இரு பக்கமும் மாட்டும் ஜாய்-கான் கன்ட்ரோலர்களோடு சேர்த்தே 400 கிராமுக்குள்தான் வரும். ஒல்லியாக இருப்பதால் பைக்குள் அழகாகப் போகும். அந்த ஒல்லிதான் சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுக்கவும் வைக்கிறது. எடை குறைந்ததைவிட எடை கூடியது சொகுசாக இருக்கிறது என்று சொன்னால் கையில் வாங்கிப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. பத்து நிமிடம் கொடுத்துவிட்டு அப்புறம் பேசலாம்.

உட்காரும் முறைக்கு வருவோம். மடியில் தலையணை போடச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. கன்சோலைத் தலையணைமேல் வைத்தால் கழுத்து குனிந்தே இருக்கும், கன்சோலை அசைத்துக் குறி பார்க்கும் கைரோவும் வேலைக்கு ஆகாது. தலையணைமேல் வைக்க வேண்டியது முழங்கையை. இரண்டு முழங்கையும் ஊன்றியிருந்தால் டெக் தானாக நெஞ்சு உயரத்துக்கு வரும், மணிக்கட்டு நேராக நிற்கும். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற வீரர்களுக்கு ஒரு வார்த்தை: தூக்கம் எப்போது வரும் என்று தெரியாது, 669 கிராம் மூக்கில் விழுந்தால் தெரியும். ஒருக்களித்துப் படுத்து ஆடலாம், ஆனால் கீழே இருக்கும் தோள் சீக்கிரம் மரத்துப்போகும்.

எவ்வளவு நேரம் என்பதும் உண்டு. 1990-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வெளியானது. ஐந்து மணி நேரம் விடாமல் நிண்டெண்டோ ஆடிய 35 வயதுப் பெண்மணிக்கு வலது கட்டைவிரலில் கடும் வலி. இத்தனைக்கும் அவர் கையில் திரையும் இல்லை, பேட்டரியும் இல்லை. எல்சிடி டெக்கின் 40 வாட்-ஹவர் பேட்டரி பெரிய கேம்களில் இரண்டு மணி நேரத்துக்கே திணறும். அதை எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். சார்ஜரைத் தேடி எழுந்துபோவது கைக்கு நல்லதுதான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி கட்டுப்பாடு. என்னை டெக்கிலேயே தங்கவைத்தவை பின்புறமுள்ள நான்கு பட்டன்களும் கைரோவும்தான். எல்டன் ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு பி பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், கேமராவைத் திருப்ப வலது ஸ்டிக். இரண்டுமே வலது கட்டைவிரலின் வேலை. ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டுமானால் ஆட்காட்டி விரலை மடக்கி பி-யை அழுத்த வேண்டும். பழைய பிஎஸ்பி பிடியேதான், கை மட்டும் மாறியிருக்கிறது. பட்டன்களின் வேலையை மாற்றித் தரும் ஸ்டீம் இன்புட்டில் போய், பி-யைப் பின்புறம் வலது மேலே உள்ள ஆர்4-க்கு மாற்றிவிட்டால் கதை முடிந்தது. நடுவிரல் ஓடும், கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகரவே வேண்டாம். குதிப்பதை இடது பக்க எல்4-க்குக் கொடுத்திருக்கிறேன்.

கீழே உள்ள எல்5, ஆர்5 சங்கதி வேறு. அவை மோதிர விரலுக்கு அடியில் வருகின்றன. அந்த விரல் ஏற்கெனவே எடையைத் தாங்குகிறது. ஆட்டம் சூடுபிடித்து கை இறுகினால் தானாகவே அழுந்திவிடும். அதனால் அவற்றில் அவசர வேலை எதையும் வைப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட், மேப் மாதிரி தவறி அழுந்தினாலும் உயிர் போகாத காரியங்கள் மட்டும்.

கைரோ என்றால் கன்சோலையே அசைத்துக் குறி பார்ப்பது. நிண்டெண்டோ ஆட்களுக்கு இது பழகிய விஷயம். ஸ்ப்ளாட்டூனில் 2015-இலிருந்தே உண்டு, 2017-இல் வந்த செல்டாவில் வில்லை இப்படித்தான் குறி பார்ப்பார்கள். டெக்கில் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கின் தலையில் தொடு உணர்வு உள்ளது. வலது ஸ்டிக்கில் கட்டைவிரல் பட்டால் கைரோ விழிக்கும், எடுத்தால் அணைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். எதிரி இருக்கும் பக்கம் ஸ்டிக்கால் திரும்பி, தலைக்கு நேராகக் குறியைக் கொண்டுபோகிற கடைசி அங்குலத்தை மட்டும் மணிக்கட்டுக்கு விடுவேன். உட்கார்ந்த நிலை மாறிப்போனால் விரலை எடுத்து, கன்சோலை நேராக்கி, மறுபடி வைத்தால் போதும். முதல் சில நாட்கள் குமட்டுகிற மாதிரி இருக்கும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைத்துத் தொடங்கி, பழகப் பழக ஏற்றுங்கள்.

எல்லா கேமும் இதற்கு ஒத்துழைக்காது. கைரோவை மவுஸாக அமைத்தால் துல்லியம் அருமை. ஆனால் மவுஸையும் கன்ட்ரோலரையும் ஒரே நேரத்தில் ஏற்காத கேம்களில் திரையில் காட்டும் பட்டன் படங்கள் கீபோர்டுக்கும் கன்ட்ரோலருக்குமாக மாறி மாறிக் குதிக்கும். அப்படிப்பட்டவற்றில் கைரோவை ஸ்டிக்காக அமைக்க வேண்டியதுதான், துல்லியம் கொஞ்சம் போகும். மற்றவர்கள் செய்து வைத்த லேஅவுட்களும் ஸ்டீமிலேயே கிடைக்கின்றன. பெரும்பாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திருத்திக்கொள்வதுதான் சுலபம்.

விரலால் தடவி மவுஸ் மாதிரி நகர்த்தும் டிராக்பேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவிலைசேஷன் 6 மாதிரி மவுஸுக்காகவே பிறந்த கேம்கள் இருந்தால் அது வரம், இல்லாவிட்டால் நாளெல்லாம் தொடக்கூட மாட்டீர்கள்.

ஃபிரேமைப் பற்றிப் பேச மாட்டேன் என்றுதான் தொடங்கினேன், ஆனால் கைக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 30 ஃபிரேமில் ஒவ்வொரு படத்துக்கும் 33.3 மில்லிசெகண்ட், 60-இல் 16.7. இரண்டுக்கும் நட்டநடுவே 25 மில்லிசெகண்ட் வருவது 45-இல் இல்லை, 40-இல்! எல்சிடி டெக்கின் திரையை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கும் வசதி 2022-லேயே அப்டேட்டில் வந்துவிட்டது. 60 எட்டாத கேம்களை 40-இல் நிறுத்தினால் பட்டனுக்கும் திரைக்கும் நடுவிலுள்ள இழுவை 30-ஐவிட நன்றாகவே குறைந்து தெரியும், பேட்டரியும் மிஞ்சும்.

உபரி சாமான்களில் கவனம் வேண்டும். பிடிமானத்துக்கென்று நான் ஆன்லைனில் வாங்கிய ஒரு ரப்பர் உறை மேல்பக்கம் சூடான காற்று வெளியேறும் துளையின் ஓரத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தது, ஃபேன் அலற ஆரம்பித்தது. இப்போது அது அலமாரியில் தூங்குகிறது. பிடிகள் எப்படியும் சுடுவதில்லை, சூடெல்லாம் நடுவில்தான், அதனால் உறையே தேவைப்படவில்லை.

ஸ்டிக் தேய்வதைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். சாதாரண ஸ்டிக்கில் கார்பன் தடத்தின்மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும், அது தேயத் தேய, தொடாமலே கேமின் கதாபாத்திரம் தானாக நகரும். காந்தத்தை வைத்து இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் இந்த உரசல் இல்லை. 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரிலேயே அது இருந்தது. டெக்கில் சால்டரிங் செய்யாமல் ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்டிக்கை மாற்றலாம், உதிரிபாகம் விற்கும் ஐஃபிக்ஸ்இட்டில் ஒரிஜினல் பாகமும் ஹால் எஃபெக்ட் பாகம் மற்ற நிறுவனங்களிலும் கிடைக்கின்றன. அதிகாரபூர்வ விற்பனை இல்லாத இந்தியாவில் இறக்குமதியாக வாங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தொடக்கத்திலேயே மாற்ற ஓட வேண்டாம். லேசான நகர்வு என்றால் செட்டிங்ஸில் டெட்ஸோனை, அதாவது ஸ்டிக் அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதியை, கொஞ்சம் கூட்டினாலே அடங்கிவிடும். ஆனால் அதிகமாகக் கூட்டினால் மெல்ல நடப்பது, நுணுக்கமாகக் குறி பார்ப்பது இரண்டும் போய்விடும்.

சின்னக் கை உள்ளவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள், டெக்கில் மேல் மூலையிலுள்ள பட்டன்களை எட்டத் தடுமாறுவார்கள். அவர்களுக்கு 275 கிராம் ஸ்விட்ச் லைட்தான் என் பரிந்துரை. டெக்கில் ஸ்டிக், டிராக்பேட் எல்லாவற்றுக்கும் இடம் விட்டதால் டி-பேட் இடது ஓரத்துக்கு ஒதுங்கிப் போயிருக்கிறது. சண்டை கேம் ஆடும்போது கட்டைவிரல் வெளியே மடங்கி நிற்கும், பிடியும் தளர்ந்துவிடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் ப்ளூடூத்தில் தனிக் கன்ட்ரோலரை இணைத்துக்கொள்கிறேன். டெக்கின் பின்னால் ஸ்டாண்ட் கிடையாது, அதற்கும் சேர்த்துப் பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள்.