எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்துவதற்கு டாமா, சாக்ஸா, ஸ்டாக்ஸா?

எக்ஸ்எம்எல் (XML) என்பது தரவைக் குறிச்சொற்களுக்கிடையே எழுதிவைக்கும் கோப்பு வடிவம். வெளி நூலகம் எதையும் சேர்க்காமல் ஜாவா நிரல்மொழியில் அத்தகைய கோப்பைக் கையாள மூன்று முக்கிய வழிகள் உள்ளன: டாம் (DOM), சாக்ஸ் (SAX), ஸ்டாக்ஸ் (StAX). டாம், சாக்ஸ் இரண்டும் 2002இல் வெளியான ஜாவா 1.4 முதலே உடன் வருகின்றன. ஸ்டாக்ஸ் 2006இல் ஜாவா 6உடன் சேர்ந்தது. படிப்பதற்கு மூன்றுமே பயன்படும். திருத்தி மீண்டும் எழுதும்போதுதான் இவற்றின் வேறுபாடு வெளிப்படுகிறது.

சாக்ஸ் கோப்பை ஒருமுறை ஓடிப் படித்தபடியே நம் மெத்தடுகளை அழைக்கிறது. எழுதும் வசதி அதில் இல்லை. அதில் புதியவர்கள் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு: ஓர் எலிமென்ட்டின் (தொடக்கக் குறிச்சொல் முதல் முடிவுக் குறிச்சொல் வரையுள்ள பகுதி) உரை ஒரே அழைப்பில் முழுமையாக வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 1250 என்ற விலை "12" என்றும் "50" என்றும் இரண்டு துண்டுகளாக வரலாம். எலிமென்ட் முடியும்வரை ஸ்ட்ரிங்பில்டரில் (உரைத் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் ஜாவா வகுப்பு) சேர்த்துவைக்காத நிரல், சிறிய சோதனைக் கோப்பில் சரியாக ஓடிவிட்டுப் பெரிய கோப்பில் விலையைப் பிழையாகக் காட்டும்.

அமைப்புக் கோப்பு போன்ற சிறியவற்றைத் திருத்த என் தேர்வு டாம்தான். முழுக் கோப்பும் மரமாக நினைவகத்தில் நிற்பதால், எந்த முனையிலிருந்தும் பெற்றோருக்கோ பிள்ளைக்கோ செல்லலாம், சேர்க்கலாம், நீக்கலாம். ஆனால், பெயரைக் கொண்டு தேடும்போது கிடைக்கும் நோட்லிஸ்ட் (முனைகளின் பட்டியல்) உயிருள்ள பட்டியல்; மரம் மாறினால் அதுவும் உடனே மாறும். முதலாவதை நீக்கிய கணமே இரண்டாவது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுவதால், முன்னிருந்து நீக்கிக்கொண்டு போனால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். கடைசியிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். எழுதும்போதும் கவனம் தேவை: ஏற்கெனவே இடைவெளியிட்டு அழகுபடுத்திய கோப்பை டிரான்ஸ்ஃபார்மரின் (மரத்தைக் கோப்பாக எழுதித்தரும் ஜாவா வகுப்பு) இன்டென்ட் எனும் உள்தள்ளல் வசதியுடன் எழுதினால், ஜாவா 9 முதல் வரிகளுக்கிடையே வெற்று வரிகள் முளைக்கின்றன. வெறும் இடைவெளியாக உள்ள உரை முனைகளை முன்கூட்டியே நீக்குவதுதான் தீர்வு.

டாம் மரம் கோப்பின் அளவைப்போல் பல மடங்கு நினைவகத்தைப் பிடிக்கக்கூடும் என்பதால், பெரிய கோப்புகளுக்கு ஸ்டாக்ஸே ஏற்றது. அங்கே அடுத்த நிகழ்வை (எலிமென்ட்டின் தொடக்கம், உரை, முடிவு போன்றவை) நாம் கேட்கும்போதுதான் பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல், தருகிறது. வேண்டியதை மாற்றி, மற்றவற்றை அப்படியே ரைட்டருக்கு (ஸ்டாக்ஸின் எழுதும் பகுதி) கைமாற்றலாம். படிக்கும் கோப்பின் மீதே எழுதினால் மூலம் அழிந்துபோகும். தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றவேண்டும். முன்னர்க் கடந்துவிட்ட எலிமென்ட்டைத் திருத்த நேர்ந்தால் இரண்டாம் முறை ஓடவேண்டியிருக்கும், அதுதான் இதன் முக்கியக் குறை.

வெளியாரிடமிருந்து வரும் கோப்பாயின், எதைத் தேர்ந்தாலும் டிடிடி (DTD, கோப்பின் அமைப்பையும் என்டிட்டிகளையும் வரையறுக்கும் பகுதி) ஆதரவை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையேல் வெளி என்டிட்டி (வேறொரு கோப்பின் உள்ளடக்கத்தை உள்ளே இழுக்கும் குறிப்பு) வழியாக உங்கள் சர்வரின் கோப்புகளைப் பிறர் படிக்க இடமுண்டு.