மூதாதையரைத் தேடித் தருகிறோம் என்று சொல்லி 900 டாலர் வாங்கியவர்கள்: நியூ ஆர்லியன்ஸ் ஐரிஷ் வம்சாவளி பற்றி ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் சம்பந்தி வைத்திருப்பவர்களும், பிள்ளைகள் அங்கே இருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வம்சாவளியைத் தேடி, ஆவணச் சான்றுடன் அறிக்கை தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு 900 டாலர் கட்டினோம். வந்த அறிக்கை முதல் பக்கத்திலிருந்தே பொய்.

மருமகன் குடும்பம் லூசியானாக்காரர்கள். அயர்லாந்திலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து கால்வாய் வெட்டிய ஒருவரின் வழியில் வந்தவர்கள் என்று அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு 70 வயது நிறைந்தபோது என்ன வாங்கிக் கொடுப்பது என்று நானும் என் கணவரும் யோசித்தோம். மகள்தான் சொன்னாள்: "நகையெல்லாம் வேண்டாம்மா. அவங்க தாத்தாவோட தாத்தா எந்த ஊர்லேர்ந்து வந்தார்னு தேடிக் கொடுங்க, அழுதுடுவாங்க."

அழுதார்தான். பச்சை ஓரம் வைத்த தடித்த காகிதம், யாழ் முத்திரை, பிறப்புச் சான்றிதழின் நகல், கல்லறை எண் எல்லாம் இருந்தன. அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் விரலால் தடவித் தடவிப் படித்தார். நான் பள்ளியில் வரலாறு எடுத்தவள். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அயர்லாந்தின் லெய்ட்ரிம் மாவட்டத்தில் 1809-ல் பிறந்தவர், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிவந்து, எல்லிஸ் தீவில் இறங்கி, 1833-ல் கால்வாய் வேலையில் டைனமைட் வெடித்து இறந்தார் என்று எழுதியிருந்தார்கள். உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது 1845-ல். நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தது 1892-ல். ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867-ல். சான்றிதழ் கதையும் இதே லட்சணம்தான். அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் அரசாங்கம் பதியத் தொடங்கியதே 1864-ல். பிறகு 1809-க்கு முத்திரை குத்திய அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது? போதாததற்கு, 1841-ல் அயர்லாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் ஒரு பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். மிகச் சில துண்டுகள் தவிர அந்தக் கணக்கு ஏடுகளெல்லாம் 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டன.

இதையெல்லாம் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்குப் பொறுக்கமுடியாமல் போனது அந்தக் கல்லறை எண்.

அந்தக் கால்வாயின் பெயர் நியூ பேஸின். நகரின் மேல்பகுதியையும் பான்ட்சர்ட்ரெய்ன் ஏரியையும் இணைக்க ஏறத்தாழ 6 மைல் நீளத்துக்கு சைப்ரஸ் சதுப்புக்காட்டை வெட்டினார்கள். 1832-ல் தொடங்கிய வேலை, 1838-ல் படகு போகும் அளவுக்கு வந்தது. கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, இடுப்பளவு சேறு, இவ்வளவுதான் கருவிகளும் களமும். வேலை தொடங்கிய அதே 1832-ன் இலையுதிர் காலத்தில் காலராவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து நகரத்தைத் தாக்கின. மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பது உறுதியானது 1900-ல்தான். அதுவரை கெட்ட காற்று என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அடிமைகளை வாடகைக்கு எடுத்து வெட்டியிருக்கலாம்; ஆனால் அடிமை செத்தால் உடைமைக்காரனுக்கு நஷ்டஈடு தரவேண்டும். ஐரிஷ் கூலி செத்தால் கால்வாய் நிறுவனத்துக்கு ஒரு செலவும் இல்லை, அடுத்த கப்பலில் இன்னொருவன் வருவான். செத்தவர்கள் 8,000 என்பார்கள், 30,000 என்றும் சொல்வார்கள். கால்வாய் நிறுவனம் கணக்கு வைக்கவில்லை, யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பலரைக் கரையிலேயே போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். பின்னாளில் கால்வாயைத் தூர்த்தாகிவிட்டது. 1990-ல் அங்கே ஒரு கெல்டிக் சிலுவை நட்டார்கள், பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்து.

அப்படிப் போனவர்களில் ஒருவருக்கு, அறிக்கை தந்த நிறுவனம் கல்லறை எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. சம்பந்தியம்மா பூ எடுத்துக்கொண்டு அங்கே போகக் கிளம்பினார்! மகள்தான் மெதுவாக எடுத்துச்சொல்லி நிறுத்தினாள்.

இன்னொரு பக்கத்தில் 'ஐரிஷ் அடிமைகள்' என்று ஒரு தலைப்பு. இது திட்டமிட்டுப் பரப்பப்படும் பொய், இதை யார் எழுதினாலும் நம்பாதீர்கள். அந்தக் கூலிகளின் பாடு கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களை யாரும் ஏலத்தில் விற்கவில்லை. அவர்களுடைய குழந்தை பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்தாகவில்லை. குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட்டார்கள். அதே நகரத்தில்தான் அமெரிக்காவிலேயே பெரிய அடிமைச் சந்தை நடந்தது. இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டு பக்கத்து இறந்தவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

உண்மையைத் தேடியிருந்தால் அழகான விஷயங்கள் கிடைத்திருக்கும், அதுதான் ஆதங்கம். லிவர்பூலுக்குப் பஞ்சு ஏற்றிப்போன கப்பல்கள் வெறுமனே திரும்பாமல் குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றிவந்ததால்தான் இவ்வளவு ஐரிஷ்காரர்கள் நேராக மிசிசிப்பிக் கரையில் இறங்கினார்கள். 1860-ல் நகரத்தில் இருந்த ஏறத்தாழ 1,68,000 பேரில் 24,000-க்கும் மேல் அயர்லாந்தில் பிறந்தவர்கள். எல்லோரும் சேற்றிலேயே சாகவில்லை. கப்பலின் அடித்தளத்தில் பஞ்சுப் பொதிகளைத் திருகு வைத்து இறுக்கி அடுக்கும் தொழிலாளிகள் 1850-லேயே சங்கம் வைத்து நல்ல கூலி வாங்கினார்கள். அவர்களில் நிறைய ஐரிஷ்காரர்கள். லெய்ட்ரிமில் பிறந்த மார்கரெட் ஹாகரி கணவரையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தவர். ஹோட்டலில் துணி துவைத்து, இரண்டு மாடு வாங்கிப் பால் விற்று, பிறகு பெரிய ரொட்டி ஆலையே நடத்தி, சம்பாதித்ததை அனாதை இல்லங்களுக்குக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியாது, உயிலில் சிலுவைக் குறிதான். 1882-ல் அவர் இறந்து இரண்டே வருடத்தில் ஊர் சிலை வைத்தது. அந்தச் சிலை இன்னும் நிற்கிறது. லெய்ட்ரிம் என்று எழுதத் தெரிந்த நிறுவனத்துக்கு இவரைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஆய்வு என்பது விளக்கத்துக்கு உட்பட்டது" என்று பதில் வந்தது. எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று கேட்டோம். அதற்குப் பதிலே இல்லை. விளம்பரத்தில் இருந்த "ஆவணச் சான்றுடன்" என்ற வாசகத்தை மகள் படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டி கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்ததும் பணம் திரும்பி வந்தது. நீங்களும் பணம் கட்டும் முன் விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எந்தக் காப்பகம், எந்த ஏடு என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விலகிவிடுங்கள்.

நியூ ஆர்லியன்ஸில் உண்மையில் தேடக்கூடிய இடங்கள் உண்டு. கப்பல் பயணிகள் பட்டியல் 1820-லிருந்து அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சுதந்திர மனிதரின் பெயரையும் பிறந்த நாட்டையும் எழுதிய முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 1850-க்குரியது. அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் முக்கியம். 1833-ல் ஐரிஷ்காரர்களுக்கென்றே செயின்ட் பேட்ரிக் தேவாலயப் பங்கு தொடங்கியது. ஏழைக் குடியேறிகள் காய்ச்சலோடு போய்ப் படுத்த சேரிட்டி மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடுகளையும் பாருங்கள். எதிலும் பெயர் கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் கிடைக்கவில்லை என்று எழுதித் தருபவரிடம் மட்டும் காசு கொடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்காக கத்தோலிக்க மறைமாவட்டக் காப்பகத்துக்கு மகளே இப்போது எழுதியிருக்கிறாள். தேடுவதற்குச் சிறு கட்டணம் கேட்டார்கள், கட்டியாகிவிட்டது.