நாலாயிரம் ரூபாயா, கையெழுத்து உரிமையா?

தமிழில் ‘வளர்ப்புப் பெற்றோர்’ என்றால் யாரைச் சொல்கிறோம் என்றே குழப்பம். தத்து எடுத்தவரையும் அப்படித்தான் சொல்கிறோம். பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை அரசு உத்தரவின் பேரில் வீட்டில் வைத்து வளர்ப்பவரையும் அப்படித்தான் சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் இருவரும் வேறு வேறு ஆட்கள். முதலாமவருக்கு முழு உரிமை உண்டு, உதவித்தொகை கிடையாது. இரண்டாமவருக்கு உதவித்தொகை உண்டு, உரிமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

இரண்டாமவருக்கும் உரிமை கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகும்? கோர்ட், வக்கீல், வாய்தா என்றுதான் உடனே பேச்சு போகும். ஒவ்வொரு வழியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இப்போது இருப்பது

அரசு உத்தரவில் வளர்ப்பதற்குச் சட்டத்தில் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று பெயர்: 2015 சிறார் நீதிச் சட்டம், பிரிவு 44. குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் பணம் வரும். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான ‘மிஷன் வாத்சல்யா’வில் மாதம் 4,000 ரூபாய். அதே திட்டத்தில் குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு 3,000. அப்படியானால் இல்லம்தானே மலிவு என்று தோன்றும். ஆனால் அங்கே வார்டன், சமையல்காரர், காவலர் சம்பளமெல்லாம் தனிக் கணக்கில் போகும். வீட்டில் சமைக்கிற அம்மாவுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

படிப்பு, வைத்தியம், சாப்பாடு மூன்றுக்கும் குடும்பமே பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. மாதம் ஒருமுறை ஆய்வு. குறை கண்டால் பிள்ளை வேறு குடும்பத்துக்குப் போய்விடும். எடுத்துக்கொண்டு போகும் முன் இவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று பிரிவு 44இல் ஒரு வரி கிடையாது. 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிரிவு 101 அதையும் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஆட்சியரிடம் அனுப்புகிறது. பாதுகாப்பு அலகு நடப்பதும் அதே ஆட்சியரின் மேற்பார்வையில்தான்! இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அரசுக்கு அமையாது.

ஆனால் செலவு வேறு வாசல் வழியாக வரும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு டான்சில் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில் தந்தை, தாய், காப்பாளர் என்று மூன்று கட்டம். “நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?” என்று நர்ஸ் பேனாவை நீட்டுகிறார். இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுகிறவர், “கமிட்டி ஆர்டர் இருக்கு மேடம்” என்று பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஜெராக்ஸை எடுக்கிறார். டியூட்டி டாக்டருக்கு அந்தத் தாள் விளங்கினால் சரி. விளங்காவிட்டால் அலகுக்கு போன் போட வேண்டும், அங்கிருந்து ஆள் வர வேண்டும், தேதி தள்ளிப்போகும். இந்த அலைச்சலுக்கும் பொதுப் பணம்தான் கரைகிறது. எந்த பட்ஜெட் தலைப்பிலும் தெரியாது, அவ்வளவுதான்.

தத்துக்கு மாறுவது

வளர்ப்புப் பராமரிப்புக்கான ஒன்றிய அரசின் 2024 மாதிரி வழிகாட்டுதல்படி, இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் அந்தப் பிள்ளையையே தத்துக் கேட்கலாம். முன்பு இது ஐந்து ஆண்டு. தத்து உத்தரவும் இப்போது நீதிமன்றத்தில் இல்லை. 2021 திருத்தம் அதை ஆட்சியரிடம் கொடுத்தது, 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உத்தரவு வந்துவிட்டால் பிள்ளை எல்லா வகையிலும் அவர்கள் பிள்ளை, சொத்து வாரிசு உட்பட.

இப்போது கணக்கு. ஆறு வயதில் வந்த பிள்ளையை 18 வரை வளர்ப்புப் பராமரிப்பிலேயே வைத்திருந்தால் 12 ஆண்டுக்கு 5,76,000 ரூபாய். இரண்டு ஆண்டில் தத்து முடிந்தால் 96,000. மிச்சம் 4,80,000, கூடவே பத்து ஆண்டுக்கான 120 மாதாந்திர ஆய்வுகளும் மிச்சம். உரிமை கொடுத்தால் செலவு கூடும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

யார் தலையில் விடிகிறது என்று பாருங்கள். உரிமை கைக்கு வந்ததும் 4,000 நின்றுபோகும். தையல் மிஷினை நம்பி ஓடுகிற வீட்டில் அது வாடகைப் பணம். “இப்படியே இருக்கட்டும்” என்று அந்தக் குடும்பம் சொன்னால், பிள்ளைமேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1890 சட்டப்படி காப்பாளர்

பிள்ளைக்குக் காப்பாளரை நீதிமன்றம் நியமிக்கும் சட்டம் இது. சுருக்கமாக: மாவட்ட நீதிமன்றத்தில் மனு, 18 வயதோடு முடிவு, வாரிசுரிமை கிடையாது. வக்கீல் கட்டணம் குடும்பத்தோடது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் அந்தச் செலவு அரசிடம் திரும்பலாம். ஆனால் இது குழு உத்தரவில் வந்த பிள்ளைக்காக வெட்டப்பட்ட பாதை இல்லை. இழுத்துப் பொருத்தலாம், பொருந்தாது.

அமெரிக்கா போட்ட கணக்கு

அங்கேயும் தகராறு இதே இடத்தில்தான். பிள்ளையை எடுக்கும் முன் தானாகவே விசாரணை வேண்டும் என்று நியூயார்க் வளர்ப்புக் குடும்பங்கள் வழக்குப் போட்டுக் கீழ்நீதிமன்றத்தில் ஜெயித்தன. 1977இல் உச்ச நீதிமன்றம் இருக்கிற நடைமுறையே போதும் என்று அதைத் திருப்பிவிட்டது. 1997 சட்டம், நீதிமன்றத்தில் பேச மட்டும் வாய்ப்புக் கொடுத்தது. வழக்கில் கட்சிக்காரர், அதாவது ஒரு தரப்பு, ஆக்கவில்லை. மலிவான உரிமை.

ஆனால் பண விஷயத்தில் அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1980 முதலே, எளிதில் வீடு கிடைக்காத பிள்ளைகளைத் தத்தெடுத்தால் உதவித்தொகை தொடரும். வளர்ப்புக் காலத் தொகையைத் தாண்டக்கூடாது என்பதே வரம்பு. 2008இல் காப்பாளராகும் உறவினருக்கும் இதை நீட்டினார்கள். தொகை அப்படியே போனாலும் மாதாமாதம் ஊழியர் போவதும், நீதிமன்ற மறுஆய்வும் நின்றுவிடும். அரசுக்கு மிச்சம் அதில்தான்.

அங்கே உள்ள கசப்பையும் சொல்லிவிட வேண்டும். வளர்ப்பவரின் கை ஓங்க ஓங்கப் பெற்றவளின் கை தாழும், அவள் பெரும்பாலும் ஏழை. வளர்ப்பவரைக் கட்சிக்காரர் ஆக்கினால் அவருக்கு ஒரு வக்கீல், பெற்றவளுக்கு ஒரு வக்கீல், பிள்ளைக்கு ஒரு வக்கீல் என்று மூன்று பேருக்குச் செலவாகும். உரிமையின் உண்மையான விலை அங்கேதான் ஏறுகிறது.

என் ஓட்டு

நம் ஊருக்கு நான் தத்து வழியைத்தான் எடுப்பேன், ஒரு ஒட்டுப்போட்டு. தத்துக்குப் பிறகும் பாதித் தொகை, 2,000 ரூபாய், 18 வயது வரை போகட்டும். மேலே சொன்ன பிள்ளைக்குப் பத்து ஆண்டில் 2,40,000. தத்தில் மிச்சமாகும் தொகையில் சரிபாதி இன்னும் கையில் நிற்கும். தத்து முடியும் வரை கட்சிக்காரர் அந்தஸ்து வேண்டாம். பிள்ளையை மாற்றும் முன் குடும்பம் எழுத்தில் பதில் தர ஏழு நாள் கொடுத்தால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு தபால் உறை.

நடைமுறையில் முட்டுக்கட்டை ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்க, பெற்றவர்களைத் தேடிப்போய் விசாரித்து முடித்திருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாமல் கோப்பு தூங்குகிறது. மிச்சமாகும் அந்த 120 ஆய்வுக்குப் போகிற ஆளை, பெற்றவளைத் தேடி அனுப்பலாம்.